லென்ஸில் பழுது: சர்வீஸ் சென்டரா, மெக்கானிக்கா, மாற்றிவிடுவதா?

ஆடி பிறந்த முதல் வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, 24-70 ஜூம் லென்ஸ்ல ஃபங்கஸ் (பூஞ்சை) வந்துருச்சு. பின்னாடி லைட் இருந்தா படமெல்லாம் பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போகுது. ஆவணியில மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பவா, மெக்கானிக் யாருகிட்டயாவது கொடுக்கவா, இல்ல வித்துட்டு வேற வாங்கிடவா?"

கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை, நாகை என்று டெல்டா முழுக்க இருந்து கேட்கிறார்கள். எல்லாரும் கேட்பது "எங்கே கொடுக்கலாம்?" என்று. நான் திருப்பிக் கேட்பது "என்ன பழுது?" என்று. அது தெரிந்துவிட்டால் எங்கே என்பது பாதி முடிந்தது. தெரியாமல் போனால் கடைக்காரர் சொல்வதுதான் பழுது, அவர் சொல்வதுதான் விலை.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். பழுது என்ன வகை? லென்ஸ் இன்றைக்குச் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகும்? அடுத்த முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது? வாரண்டி மிச்சம் இருக்கிறதா? இந்த லென்ஸ் பொருந்துகிற பாடியை (கேமரா உடலை) இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள்?

இரண்டாவதில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் வாங்கிய விலை இந்தக் கணக்கில் வராது. எழுபதாயிரம் கொடுத்து வாங்கிய லென்ஸ் இன்று முப்பதாயிரத்துக்குத்தான் போகும் என்றால், ரிப்பேர் செலவை முப்பதாயிரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் அப்படித்தான். கேனனும் நிகானும் 2018இல், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் புது மவுண்டுகளை (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்டுவந்த பிறகு, அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் லென்ஸ்களின் பழைய விலை நன்றாக இறங்கிவிட்டது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேருக்குக் கொடுத்த லென்ஸை இன்று யோசித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

### பழுதுக்குப் பெயர் வைப்பது

ஐந்தில் முதலாவதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அரைமணி நேரம் போதும், காசு எதுவும் வேண்டாம்.

லென்ஸை இன்னொருவர் பாடியில் மாட்டிப் பாருங்கள். உங்கள் பாடியில் இன்னொரு லென்ஸை மாட்டிப் பாருங்கள். பழுது லென்ஸோடு போகிறதா, பாடியோடு நிற்கிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும். நிகானில் டி3200, டி5300 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் 50 எம்எம் 1.8டி போன்ற பழைய லென்ஸை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவே செய்யாது. அது பழுது இல்லை, லென்ஸின் அமைப்பே அப்படி. நல்ல நிலையில் இருந்த 1.8டியை இதற்காகவே ஒருவர் ரிப்பேருக்குக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

கேனனில் 'எர்ரர் 01' வந்தால், லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே பேச்சு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் லென்ஸின் பின்பக்கம் உள்ள தங்கநிறக் கான்டாக்ட் புள்ளிகளைத் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் படிந்து கிடந்தால் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையா? அப்பெர்ச்சரை (ஒளி போகும் துவாரத்தை) முழுசாகத் திறந்து வைத்து ஒரு படம், எஃப் 8 அளவுக்குச் சுருக்கி ஒரு படம் எடுங்கள். முதலாவது வந்து, இரண்டாவதில் எர்ரர் வந்தால் அந்தத் துவாரத்தைச் சுருக்கும் பிளேடு யூனிட்டிலோ அதற்குப் போகும் ஃப்ளெக்ஸிலோதான் (வளையும் மின்நாடா) கோளாறு. ஜூமை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் திருப்பும்போது மட்டும் வந்தால், ஃப்ளெக்ஸ் மடிந்து மடிந்து விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். கேனன் 24-105 எஃப் 4 முதல் மாடலில் இது பேர்போன நோய்.

ஃபங்கஸ் பார்க்க இரண்டு மூடியையும் கழற்றி, இருட்டு அறையில் போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நிகான் 'ஜி' லென்ஸ்களில் பாடியிலிருந்து கழற்றினால் பிளேடுகள் மூடிக்கொள்ளும். மவுண்டில் உள்ள சின்ன நெம்பை விரலால் தள்ளினால் திறக்கும். சிலந்திவலை மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டுப் போனால் ஃபங்கஸ். புள்ளி புள்ளியாக இருந்தால் வெறும் தூசு. கண்ணாடி முழுக்க மெல்லிய பால்படலம் மாதிரி இருந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்த புகைச்சல். ஓரத்தில் வானவில் நிறமோ குமிழியோ தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன; அது பெரிய வேலை.

ஹோமம் எடுத்துவிட்டு வந்த மறுநாள் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நெய்ப்புகை முன்கண்ணாடியிலும் ஃபில்டரிலும் படலமாக ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றியதும் 'ஃபங்கஸ்' காணாமல் போன கதைகள் உண்டு.

ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்றால், டிஎஸ்எல்ஆரில் அது லென்ஸ், பாடி இரண்டின் பொருத்தக் குறையாகவும் இருக்கலாம். டி7200, 6டி, 5டி மார்க் 3 போன்ற பாடிகளில் மெனுவிலேயே ஃபோகஸைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தித் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட் வசதி இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் சென்சாரிலேயே ஃபோகஸ் அளக்கப்படுவதால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை.

கடைசியாக, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கல். சுவரில் செய்தித்தாள்களை ஒட்டி, ட்ரைபாடில் நேர்க்கோட்டில் வைத்து, அப்பெர்ச்சரை முழுசாகத் திறந்து எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாக வைத்து அதே சுவரை எடுங்கள். இரண்டு படத்திலும் ஃபிரேமின் அதே பக்கம் மங்கலாக இருந்தால், லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி இடம் நகர்ந்திருக்கிறது. பக்கம் மாறினால் நீங்கள் வைத்த கோணம்தான் தப்பு.

## வழி 1: நாமே பார்த்துக்கொள்வது

செய்யலாம் என்பது: ப்ளோயர் ஊதுவது, முன் பின் கண்ணாடியின் வெளிப்புறம் துடைப்பது, கான்டாக்ட் துடைப்பது, ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றுவது, மைக்ரோ அட்ஜஸ்ட், தளர்ந்துபோன ஜூம் ரப்பரை மாற்றுவது. இங்கேயே கோடு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லென்ஸைத் திறப்பது வேறு விஷயம். ஜப்பான் லென்ஸ்களின் குறுக்குத்தலை ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்ற அளவில் வருபவை. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் டிரைவரால் திருகினால் வழுக்கித் தலை தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு நல்ல மெக்கானிக்கிடம் போனாலும் அவர் முதலில் உங்கள் ஸ்குரூவோடுதான் சண்டை போட வேண்டும். உள்ளே சில கண்ணாடிகளின் அடியில் தாள் போன்ற மெல்லிய வளையங்கள் இருக்கும். ஒன்று தவறினாலும், திருப்பி வைத்தாலும் கூர்மை போய்விடும்.

வீட்டு வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். அரிசி டப்பாவுக்குள் லென்ஸைப் புதைத்து வைக்கிறார்கள். அரிசி ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. தவிட்டுத் தூசும் மாவும் ஜூம் இடுக்குக்குள் போகும். வெயிலில் வைக்கிறார்கள். புற ஊதாக்கதிரில் ஃபங்கஸ் சாகலாம், ஆனால் செத்த ஃபங்கஸும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சூட்டில் கிரீஸ் இளகும். மேலாக, லென்ஸ் என்பது பூதக்கண்ணாடி. சூரியனைப் பார்த்து வைத்தால் கீழே இருக்கும் துணி பற்றிக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு: நாம் திறந்த லென்ஸை வாரண்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விற்கப்போனாலும் விலை விழும்.

## வழி 2: கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டி இருந்தால் வேறு யோசனை வேண்டாம், இங்கேதான். ஆனால் வாரண்டி அட்டையை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். ஃபங்கஸ், ஈரம், விழுந்து உடைந்தது, மணல் புகுந்தது எல்லாம் பெரும்பாலும் அதற்குள் வராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த லென்ஸுக்கு இந்திய வாரண்டி செல்லுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இவர்களின் பலம் என்ன என்று கேட்டால், அளவுக் கருவிகள். ஜூம் லென்ஸின் கண்ணாடி நகர்ந்தது, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் இமேஜ் ஸ்டெபிலைசரின் கோளாறு, புது யூனிட் போட்டபின் செய்ய வேண்டிய ஃபோகஸ் திருத்தம் ஆகியவற்றை வெறும் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் செய்ய முடியாது. ஒரிஜினல் பாகம் கிடைக்கும். பில்லும் செய்த வேலைக்கு ஒரு பொறுப்பும் கிடைக்கும்.

இனி செலவு. இங்கே சின்னப் பாகத்தை மட்டும் மாற்றுவது அபூர்வம், யூனிட்டாகவே மாற்றுவார்கள். ஃபங்கஸ் என்றாலும் துடைத்துத் தருவதைவிடக் கண்ணாடித் தொகுதியையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வரும். சொல்கிற தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எஸ்டிமேட் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பரிசோதனைக் கட்டணம் கேட்பதுண்டு. அது எவ்வளவு என்று கொடுக்கும்போதே கேளுங்கள். பழைய மாடலுக்குப் பாகம் நின்றுபோயிருக்கலாம். மாடல் பெயரைச் சொல்லி போனிலேயே விசாரித்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொன்று: பக்கத்து ஊரில் இருப்பது வேலை செய்யும் இடமா, வாங்கி அனுப்பும் இடமா என்று கேளுங்கள். வாங்கி அனுப்பும் இடம் என்றால் போக வர நாட்கள் கூடும். எஸ்டிமேட்டுக்கு நீங்கள் சம்மதம் சொல்லும் வரை வேலையும் தொடங்காது. நேரில் போக வேண்டுமென்றால் உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியலில் எழும்பூரில் இறங்கலாம். டிக்கெட் காசு பெரிதில்லை, ஒருநாள் வேலை போவதுதான் பெரிது. பார்சலில் அனுப்பினால் இன்ஷூர் செய்து அனுப்புங்கள். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி லென்ஸையும், பெட்டியில் வைக்கும் விதத்தையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஹூட், ஃபில்டர், நல்ல மூடிகள் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு, முன்னும் பின்னும் மாற்று மூடி போட்டு அனுப்பலாம்.

## வழி 3: தனி மெக்கானிக்

யாஷிகா, பென்டாக்ஸ் கே1000 காலத்திலிருந்து கேமரா திறந்து பழகிய கைகள் இன்னும் சில நம் பக்கத்தில் இருக்கின்றன. திருச்சியிலும் சென்னையிலும் இந்தத் தொழிலுக்கு வந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். ஃபங்கஸ் துடைப்பது, எண்ணெய் கசிந்து ஒட்டிய பிளேடுகளைச் சுத்தம் செய்வது, ஃப்ளெக்ஸ் மாற்றுவது, மவுண்ட் தளர்வு, இறுகிப்போன ஃபோகஸ் ரிங் ஆகியவை இவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. கம்பெனி யூனிட்டாக மாற்றச் சொல்லும் இடத்தில் இவர்கள் ஒரு ஃப்ளெக்ஸை மட்டும் மாற்றித் தருவார்கள். செலவு பல மடங்கு குறையும். நேரம் இருந்தால் கூடவே உட்கார்ந்து பார்க்கவும் விடுவார்கள். பழைய மேனுவல் லென்ஸ் என்றால் எனக்கு வேறு யோசனையே கிடையாது, இவர்களிடம்தான்.

ஆனால் எல்லார் கையும் ஒன்றல்ல. சில வருஷங்களுக்கு முன் என் 85 எம்எம் லென்ஸை ஃபங்கஸ் எடுக்க ஒருவரிடம் கொடுத்தேன். கண்ணாடி பளிச்சென்று திரும்பி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த கல்யாணத்தில் தாலி கட்டும் படத்தில் மணமகன் முகம் கூர்மை, மணமகள் முகம் மங்கல். எத்தனை படம் எடுத்தாலும் ஃபிரேமின் இடது பக்கம் அப்படியே. ஒரு கண்ணாடியைத் திரும்பப் பொருத்தும்போது லேசாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் நான் எதைச் சொல்ல முடியும்? அந்த நேரம் திரும்பி வராது. அன்றிலிருந்து செய்தித்தாள் சோதனை செய்யாமல் எந்த லென்ஸையும் நான் கடையைவிட்டு எடுத்துவருவதில்லை.

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில. இதே மாடலை இதற்குமுன் திறந்திருக்கிறாரா? கழற்றும்போது கண்ணாடி இருந்த நிலையைக் குறியிட்டு வைப்பாரா? கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங் அரிக்கப்பட்டிருந்தால் நிறுத்திவிட்டு நம்மிடம் கேட்பாரா, தொடர்ந்து தேய்ப்பாரா? பாகம் ஒரிஜினலா, பழைய லென்ஸிலிருந்து எடுத்ததா, மாற்றுக் கம்பெனியா? வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பு? மேசையில் திறந்து கிடக்கும் வேறொரு லென்ஸின் ஸ்குரூத் தலைகளையும் ஒரு பார்வை பாருங்கள். தேயாமல் இருந்தால் கை சுத்தம்.

ஃபங்கஸைப் பற்றி நேர்மையாகச் சொல்கிற மெக்கானிக் "போகும், ஆனா தடம் நிக்கலாம்" என்பார். ஃபங்கஸ் வெளியிடும் அமிலம் கோட்டிங்கை அரித்த பிறகு, எவ்வளவு துடைத்தாலும் அந்தக் கோடு போகாது. ஒட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்திருந்தால் துடைக்கவே வழியில்லை. "நூறு சதவீதம் புதுசு மாதிரி ஆக்கிடறேன்" என்று பார்க்காமலேயே சொல்பவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

எங்கே கொடுத்தாலும் மாடல், சீரியல் நம்பர், பழுது, ஒத்துக்கொண்ட தொகை ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். தகராறு என்று வந்தால் பில்தான் பேசும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை சென்னையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை. அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம்.

## வழி 4: விற்றுவிட்டுச் செகண்ட் ஹேண்ட்

டிஎஸ்எல்ஆரில் இருந்து பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல லென்ஸ்கள் சந்தையில் இறங்கிக் கிடக்கின்றன. உங்கள் பாடியை இன்னும் மூன்று வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இது உண்மையிலேயே நல்ல காலம். கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸ் 18-55 மாதிரி எளிதாகக் கிடைப்பவற்றில், எஸ்டிமேட் கேட்கும் நேரத்தில் வேறொன்று வாங்கிவிடலாம்.

அபாயம், இன்னொருவர் வீட்டு ஃபங்கஸை விலை கொடுத்து வாங்குவது. நாகை, வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் ஓடிய லென்ஸ் என்றால் மவுண்ட் ஸ்குரூவில் உப்புத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும் வயலோரம் சுற்றிய ஜூம் என்றால் உள்ளே தூசு இருக்கும், மெல்லத் திருப்பினால் நறநறப்பு கேட்கும். ஆனால் கொஞ்சம் தூசுக்குப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல்தான் முன்கண்ணாடிக் கீறலைவிட அதிகம் கெடுக்கும். பகலில், உங்கள் பாடியோடு நேரில் போய், மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்துவிட்டு வாங்குங்கள். படம் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

உங்கள் பழைய லென்ஸை விற்கும்போது பழுதைச் சொல்லி விற்றுவிடுங்கள். பாகத்துக்காக மெக்கானிக்குகளே வாங்கிக்கொள்வார்கள். டெல்டா சின்ன வட்டம், இன்று வாங்கியவர் நாளைக்கு உங்களோடு ஒரே மண்டபத்தில் நிற்பார்.

## வழி 5: புதிது

50 எம்எம் 1.8 மாதிரி விலை குறைந்த லென்ஸுக்கு மட்டும் இதை நான் உடனே சொல்வேன். பெரிய ஜூம் என்றால், அடுத்த வருஷம் மிரர்லெஸ்ஸுக்கு மாறும் எண்ணம் இருக்கும்போது டிஎஸ்எல்ஆர் மவுண்டில் புதிது வாங்காதீர்கள். இந்திய வாரண்டி, ஜி.எஸ்.டி. பில் இரண்டும் இருக்கட்டும்.

## வழி 6: ஒன்றும் செய்யாமல் ஓட்டுவது

இதுவும் ஒரு முடிவுதான். ஓரத்தில் ஒரு சின்னக் கிளை ஃபங்கஸ், நாலைந்து தூசுப்புள்ளி, முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் ஆகியவை படத்தில் தெரிவதில்லை. உலர்ந்த இடத்தில் வைத்தால் ஃபங்கஸ் வளராமல் நிற்கும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் படம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். வளர்ந்தால் உடனே கொடுத்துவிடுங்கள், அரிப்பு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயன் குறைவு.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தப் பழுதுக்கு | செலவு | காத்திருப்பு | மறைந்திருப்பது |
|---|---|---|---|---|
| நாமே | கான்டாக்ட், வெளித்தூசு, மைக்ரோ அட்ஜஸ்ட் | மிகக் குறைவு | ஒரு மணி நேரம் | திறந்தால் வாரண்டியும் விலையும் போகும் |
| சர்வீஸ் சென்டர் | நகர்ந்த கண்ணாடி, ஸ்டெபிலைசர், வாரண்டி வேலை | அதிகம் | வாரக்கணக்கு | ஜி.எஸ்.டி., பரிசோதனைக் கட்டணம், வாடகை லென்ஸ் |
| மெக்கானிக் | ஃபங்கஸ், ஃப்ளெக்ஸ், பிளேடு, பழைய மேனுவல் | நடுத்தரம் | சில நாள் | கைத்திறமை ஆளுக்கு ஆள் மாறும் |
| செகண்ட் ஹேண்ட் | எளிதாகக் கிடைக்கும் மாடல், அரித்த கோட்டிங் | நடுத்தரம் | தேடும் நாள் | பிறர் வைத்திருந்த விதம் |
| புதிது | விலை குறைந்த பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) | அதிகம் | உடனே | மவுண்ட் மாறினால் நஷ்டம் |
| அப்படியே | தூசு, ஓர ஃபங்கஸ் | இல்லை | இல்லை | கவனிக்காவிட்டால் வளரும் |

## வாடகையைச் சேர்த்துப் போடுங்கள்

கணக்குக்காக மட்டும் ஒரு எண் வைத்துக்கொள்வோம். உங்கள் 24-70 இன்று 40,000 ரூபாய்க்குப் போகும். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 14,000. ஜி.எஸ்.டி. சேர்த்து 16,520. போக வர, பார்சல் எல்லாம் 1,500. நடுவில் மூன்று முகூர்த்தம். லென்ஸ் வாடகை நாளைக்கு 1,000. விடிகாலை முகூர்த்தம் என்றால் முந்தைய நாள் மாலை வரவேற்புக்கே லென்ஸ் வேண்டும், தாலி கட்டி முடித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் இரண்டு நாள் வாடகை. ஆக மூன்று கல்யாணத்துக்கு 6,000. மொத்தம் 24,020, அதாவது லென்ஸ் விலையில் அறுபது சதவீதம்.

பாதி விலையைத் தாண்டினால் நான் ரிப்பேரைவிட்டு மாற்று தேடுவேன். ஆனால் இதே வேலையை ஆடியில் கொடுத்திருந்தால் வாடகை 6,000 இல்லை. தொகை 18,020க்கு வந்து பாதிக்குள் அடங்கிவிடும். அதே லென்ஸ், அதே பழுது, கொடுத்த மாதம் மட்டும் வேறு.

அதனால்தான் நான் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்கிறேன். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. ஆடியில் எல்லா லென்ஸையும் டார்ச் அடித்துப் பார்த்துப் பழுதானதைக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து மார்கழி பிறந்ததும் இன்னொரு முறை பாருங்கள். தை பிறந்தால் மண்டபங்கள் நிரம்பிவிடும், அப்போது மெக்கானிக் மேசையிலும் இடம் இருக்காது. கையில் முகூர்த்தம் இருக்கும்போது திடீரென்று பழுதானால், அவசரத்தில் யாரிடமும் திறக்கக் கொடுக்காமல் வாடகைக்கு எடுத்து அன்றைய வேலையை முடியுங்கள்.

## சரியாகி வந்த லென்ஸ் மறுபடி கெடாமல் இருக்க

ஃபங்கஸ் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈரம். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிய நிலையில் நாட்கணக்கில் இருந்தால் அது முளைக்கும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் அதற்குமேல்தான் இருக்கிறது. 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். ஈரத்தை எடுக்கும் மின்சாரப் பெட்டியான ட்ரை கேபினெட் நல்லது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாட்கணக்காகக் கரண்ட் இல்லை. அதனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் கூடவே இருக்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் வறுத்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்க வேண்டாம்.

கேமரா பைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பையின் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி மண்டபத்திலிருந்து விடிகாலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது லென்ஸைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிக் கொண்டுபோய், வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு எடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும், அந்த ஈரம் உள்ளேயும் போகும்.

திருத்துறைப்பூண்டித் தம்பியின் லென்ஸுக்கு வருகிறேன். டார்ச் அடித்து எடுத்த படத்தை அனுப்பச் சொன்னேன். முன்தொகுதியின் உள்பக்கத்தில் மட்டும் வலை; ஓரமில்லை, நடுவில். பின்னால் சுத்தம். வாரண்டி முடிந்துவிட்டது. ஆட்டோஃபோகஸ், அப்பெர்ச்சர் இரண்டும் சரியாக வேலை செய்தன. பாடியை இன்னும் இரண்டு வருஷம் வைத்திருப்பதாகச் சொன்னார். அதே மாடலைப் பலமுறை திறந்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் ஆடியிலேயே கொடுக்கச் சொன்னேன். ஒன்பதாவது நாள் வாங்கப் போனபோது கையில் நாலு தாள் தினசரியும் செல்லோடேப்பும் கொண்டுபோயிருக்கிறார். கடைச்சுவரில் ஒட்டி, நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று எடுத்து எனக்கு அனுப்பினார். நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்தன. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெல்லிய தடம் மட்டும் நின்றுவிட்டது. ஆவணியில் மூன்று கல்யாணத்தையும் அதே லென்ஸில்தான் எடுத்தார்.